கான்கிரீட்டின் நாடி பார்த்த வரலாறு

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை நாம் தினமும் பார்க்கிறோம். கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டியது. அதே மன்னர் 1516-ல் ஸ்ரீகாளஹஸ்தியில் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. விழுவதற்கு முன்பே அதில் விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்தது. பழைய கல், செங்கல் கட்டடங்கள் பெரும்பாலும் இப்படி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் விழும்.

கான்கிரீட்டை அப்படி நம்ப முடியாது. நம் தெருக்களில் 1980களிலும் 90களிலும் ஓட்டு வீடுகளை எடுத்துவிட்டுக் கட்டிய மாடி வீடுகள், அடுக்குமாடிகள், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் இன்று முப்பது, நாற்பது வயதைத் தாண்டி நிற்கின்றன. வெளியே புதுப் பெயின்ட், உள்ளே என்ன என்பது யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பதை மனிதன் எப்படி அறியக் கற்றுக்கொண்டான் என்பதே இந்தக் கட்டுரை. நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், பொறியாளன் அல்ல. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. சிமென்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கிவிடுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கும்போதோ, உப்பு உள்ளே இறங்கும்போதோ படலம் உடைந்து துரு தொடங்குகிறது. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ள, கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. தறியில் ஒரு பாவு நூல் அறுந்தால் நெசவாளர் உடனே கண்டுபிடித்துப் பிணைத்துவிடுவார். கான்கிரீட்டுக்குள் கம்பி அறுந்தால் பார்க்க ஆளில்லை.

இதற்கு வரலாற்றில் கசப்பான சான்றுகள் உண்டு. 1953-ல் வேல்ஸ் நாட்டில் கட்டிய இனிஸ்-இ-குவாஸ் என்ற சிறு பாலம், 1985 டிசம்பர் 4 அன்று எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுந்தது. உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எஃகு வடங்கள் அரித்துப்போயிருந்தன. அடுத்த ஆண்டே, 1986 ஜூலை 5 அன்று, கோவாவில் பனாஜி அருகே மாண்டவி ஆற்றுப் பாலம் விழுந்தது. கட்டி 20 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதிலும் அரிப்புதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்கப் பழங்காலத்து முறை ஒன்று நம் கொத்தனார்கள் கையில் இன்றும் இருக்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். 'டங்' என்று கேட்டால் திடம். 'டப' என்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. 1940களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் இந்தத் தட்டலுக்கு எண் கொடுத்தார். வில் பொருத்திய அவருடைய சுத்தியல் எவ்வளவு எம்பித் திரும்புகிறது என்பதிலிருந்து மேற்பரப்பின் உறுதியை மதிப்பிடலாம். ஆனால் அது மேல்தோலைத்தான் சொல்லும்.

கம்பியின் நாடியையே பிடித்துப் பார்த்தவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் இருந்தவர். 1929-ல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் குறுக்கே கட்டிய சான் மாடியோ பாலத்தை உப்புத் தண்ணீர் தின்று வந்ததை 1950களில் அவர் ஆராய்ந்தார். துருப்பிடிப்பது என்பதே ஒரு சிறு மின்கலம் வேலை செய்வது போன்றதுதான். அப்படியானால் அந்த மின்னழுத்தத்தை அளக்கலாமே என்பது அவர் யோசனை. கருவி எளிமையானது. மயில்துத்தக் கரைசலில் நிற்கும் ஒரு செப்புக் கம்பி, ஒரு வோல்ட் மீட்டர். மீட்டரின் ஒரு முனை தூணுக்குள் இருக்கும் கம்பியில். மறுமுனையில் இணைத்த செப்புக் கம்பிக் குழாயைத் தூணின் மேல் வைத்துக்கொண்டே நகர்த்த வேண்டும். மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்குள் காட்டினால் அநேகமாகப் பயமில்லை. மைனஸ் 350-ஐத் தாண்டினால் துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. 1977-ல் இது அமெரிக்கத் தரநிலையாகவே வந்துவிட்டது.

இந்தத் துறையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அரிப்பை ஆராய அந்த நிலையம் மண்டபத்தில் ஒரு சோதனை மையமும் வைத்திருக்கிறது. ராமேஸ்வரம் யாத்திரை போனவர்களுக்குக் காரணம் புரியும். இரு பக்கமும் கடல். இரும்பை அங்கே உப்புக் காற்று சும்மா விடாது.

அந்த மண்டபத்தை ஒட்டித்தான் பாம்பன் ரயில் பாலம். 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீரானது. அதன் முக்கிய உடல் எஃகுதான், கான்கிரீட் அல்ல. ஆனாலும் முதிய கட்டுமானத்துக்குச் சென்சார் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியில் சென்னை ஐ.ஐ.டி.யினர் சென்சார்களைப் பொருத்தினார்கள். 2022 டிசம்பரில் அவை எச்சரிக்கை கொடுத்தன. 23-ம் தேதி ரயில்வே நிர்வாகம் போக்குவரத்தை நிறுத்தியது. பயணிகள் மண்டபத்தில் இறங்கிப் பேருந்தில் போனார்கள், சிரமம்தான். ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது.

கான்கிரீட்டில் இதேபோல நடந்தது லண்டனில். 1961-ல் திறந்த ஹேமர்ஸ்மித் மேம்பாலத்தில், உள்ளே எஃகு இழை அறுபடும் ஓசையைக் கேட்கும் கருவிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். இழைகள் அறுபடுவது பதிவானது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு உள்ளே இறங்கி வடங்களை அரித்திருந்தது. 2011 டிசம்பரில் பாலத்தை மூடி, பலப்படுத்தி, பிறகு திறந்தார்கள். ஒலிம்பிக் போட்டிக்கு ஏழெட்டு மாதமே இருந்த நேரம் என்பதையும் நினைக்க வேண்டும்.

இத்தாலியின் ஜெனோவா நகரில் நடந்தது வேறு கதை. 1967-ல் திறந்த மொராண்டி பாலத்தின் தாங்கு வடங்கள் கான்கிரீட்டுக்குள் மறைந்திருந்தன. 2017-ல் மிலான் பாலிடெக்னிக் நிபுணர்கள் அவற்றில் சந்தேகம் தெரிவித்து, தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகளைப் பொருத்தச் சொன்னார்கள். 2018 ஆகஸ்ட் 14 அன்று, பலப்படுத்தும் வேலை தொடங்குவதற்கு முன்பே பாலம் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

பாம்பனும் லண்டனும் பிழைத்ததற்குக் கருவி மட்டும் காரணமல்ல. கருவி சொன்னதை ஒருவர் படித்தார்; அதை வைத்து ஒருவர் முடிவெடுத்தார். வங்கியில் நாங்கள் அன்றாடம் கணக்கை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். ஒரு ரூபாய் உதைத்தாலும் உட்கார்ந்து தேடுவோம். வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டரை மட்டும் நம்பி எந்தக் கிளையும் நடந்ததில்லை. சென்சார் என்பது அந்த அன்றாடக் கணக்குதான். பேரேட்டைத் திறந்து பார்க்க ஆளில்லாவிட்டால் அதனால் பயனில்லை.

நம் வீடுகளுக்கு ஐ.ஐ.டி. சென்சார் தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. ஆனால் சில காரியங்கள் நம் கைக்குள் இருக்கின்றன. மேல்நிலைத் தொட்டியின் அடிப்பக்கம், பால்கனி, சன்ஷேடு, கீழ்த்தளத் தூண்கள் ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை, குறிப்பாக வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், பார்க்கலாம். கம்பியின் போக்கிலேயே ஓடும் நீளமான விரிசலும், பழுப்புக் கறையும் துருவின் அடையாளங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் தேதியிட்டு, ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அது வளர்கிறதா என்று தெரிந்துவிடும். பெயின்ட் அடிப்பதற்கு முன் புகைப்படம் எடுத்து வையுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐ.எஸ். 456 தரநிலை.

பொதுத் தொட்டிக்கும் தூண்களுக்கும் தகுதியுள்ள ஒரு பொறியாளரைக் கொண்டு மயில்துத்தச் சோதனை செய்துவிடலாம் என்பது என் கோரிக்கை. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க இருக்கிறேன். பெயின்ட் அடிக்க ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்கு முதலில் எடுத்து வைப்போம். அளவு நன்றாக வந்தால் நிம்மதி. வராவிட்டால், சரிசெய்யும் செலவு சிறியதாக இருக்கும்போதே தெரிந்துகொண்டோம் என்று அர்த்தம். உறுப்பினர்கள் அவசியம் வர வேண்டும். வரும்போது உங்கள் வீட்டில் கண்ட விரிசல்களையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.