ஊரார் பணத்தில் எழுந்த ககேகாவா நிலையம்

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 1964 அக்டோபர் 1 அன்று புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது. ஷிசுவோகா மாகாணத்துச் சிற்றூரான ககேகாவாவில் அதன் பாதை பழைய ரயில் நிலையத்தை ஒட்டியே போனது. ஆனால் ரயில் அங்கே நிற்கவில்லை. ஷிசுவோகாவை விட்டால் ஹமமாட்சு; நடுவில் ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு நிறுத்தமே இல்லை.

இத்தனைக்கும் ககேகாவா வழிப்போக்கர்களை வரவேற்றுப் பழகிய ஊர். எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோ போகும் தொகாய்தோ பெருவழியின் 53 தங்கல் ஊர்களில் அது 26ஆவது. 1889 ஏப்ரலில் ஷிசுவோகா–ஹமமாட்சு இருப்புப்பாதை திறந்தபோதே அங்கு நிலையமும் வந்துவிட்டது. 1935இல் ஃபுதமதா கிளைப்பாதையின் முதல் பகுதி இங்கிருந்து புறப்பட்டது. கடலோரமாகச் செல்லும் முதன்மைப் பாதை போரில் துண்டிக்கப்பட்டால் மாற்று வழி வேண்டும் என்பதும் அதைப் போட்டதற்கு ஒரு காரணம். 1940இல் அது முழுமையடைந்தது. 1987இல் தென்ரியு ஹமனாகோ ரயில்வே அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் அதன் சிறு வண்டிகள் ஹமனா ஏரியின் வடகரை வழியாக ஷின்ஜோஹரா வரை போய்வருகின்றன.

புல்லட் ரயில் தங்கள் ஊரிலும் நிற்க வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். ஆனால், ஊர் கேட்டு அமைக்கும் நிலையத்துக்கு ஊர்தான் செலவு செய்ய வேண்டும் என்பது அங்குள்ள முறை. 1977இல் மேயரான ஷின்முரா ஜுன்இச்சி இதைத் தம் முதற்கடமையாக எடுத்துக்கொண்டார். அன்று ஊரின் மக்கள்தொகை சுமார் 70,000. தேயிலைத் தோட்டக்காரர்களும் கடைக்காரர்களும் நிறைந்த அந்த ஊரில் நன்கொடையாக மட்டும் சுமார் 300 கோடி யென் திரண்டது. எந்த நிலையத்தின் வரலாற்றிலும் இதைவிடப் பெருமைக்குரிய கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கொடைமனம் ஒரே நாளில் வந்ததல்ல. உழைப்பு, சிக்கனம், மிஞ்சியதைப் பிறருக்கும் வருங்காலத்துக்கும் கொடுத்தல் என்று போதித்த நினோமியா சொந்தோகுவின் ஹோதோகு இயக்கத்துக்குத் தலைமையகம் ககேகாவாதான். இயக்கத்தின் பெரிய மண்டபம் 1903இல் கட்டப்பட்டது. விறகுச் சுமையோடு நடந்தபடி புத்தகம் படிக்கும் சிறுவன் நினோமியாவின் சிலை நிலையத்தின் எதிரிலேயே நிற்கிறது. பணம் தந்தவர்களில் பலர் அந்தப் போதனை கேட்டு வளர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

1988 மார்ச் 13 அன்று ஷின்-ஃபுஜி, மிகாவா-அன்ஜோ நிலையங்களோடு ககேகாவாவின் புல்லட் ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. இங்கே நிற்பது எல்லா நிறுத்தங்களிலும் நின்று போகும் 'கொதாமா' மட்டுமே. நடைமேடைகள் இரு ஓரங்களில் இருக்கின்றன. வேக வண்டிகள் நடுப்பாதைகளில் நிற்காமல் கடந்துபோகும். புல்லட் ரயிலிலிருந்து இறங்கியவர் அதே நிலையத்தில் தொகாய்தோ வழி உள்ளூர் வண்டியையும், தேயிலைச் சரிவுகளுக்கிடையே போகும் கிளை வண்டியையும் பிடிக்கலாம்.

தெற்கே புதிய நிலையம் வந்தபிறகும் வடவாசலின் பழைய மரக் கட்டடத்தை ஊரார் விடவில்லை. நிலநடுக்கத்தைத் தாங்க அது போதாது என்ற நிலை வந்தபோது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் 1994இல் தங்கள் கோட்டைக் கோபுரத்தையே மரத்தால் மீட்டெழுப்பிய ஊர் அது. பழைய தோற்றம் மாறாமல் நிலையத்தை வலுப்படுத்தும் பணி 2014இல் முடிந்தது. அதற்கும் மக்கள் நன்கொடை தந்தார்கள்.