முதல்ல புள்ளி, அப்புறம் எழுத்து

பிளஸ் டூ லீவில் அப்பா என்னை மயிலாப்பூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். ஆங்கிலம் லோயர் பாஸ் பண்ணியவன் என்ற தெனாவட்டில் தமிழ் மெஷின் முன் உட்கார்ந்தேன். 'க்' வேண்டும், 'க' அடித்து, புள்ளியைத் தட்டினேன். புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது! "முதல்ல புள்ளி, அப்புறம் எழுத்து, தம்பி" என்றார் மாஸ்டர். "ஏன் சார் தலைகீழா இருக்கு?" என்றேன். "அடிச்சுப் பழகு, புரியும்" என்றார்.

நம் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்த பிறகுதான் நிஜமாகவே புரிந்தது.

தமிழில் 247 எழுத்து. மெஷினில் இருப்பதோ சுமார் 46 விசைகள். ஷிப்ட் சேர்த்தால் 92 இடம். ஆகவே புள்ளியைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் பேப்பர் தாங்கிய வண்டி ஓரிடம் நகர்ந்துவிடும். அப்புறம் 'க' மேல் புள்ளி எப்படி விழும்?

விடை தந்தவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போனவர். 'தமிழ்த் தட்டச்சின் தந்தை' என்று இன்றும் போற்றப்படுபவர். அவர் அமைத்த வழி ரொம்ப எளிது: புள்ளிக்கு 'நகரா விசை'. தட்டினால் புள்ளி விழும், வண்டி நகராது. பிறகு 'க' அதன் அடியிலேயே வந்து விழும், வண்டி நகரும். பிரெஞ்சு மெஷின்களில் எழுத்தின் தலையில் குறி போட இதே உத்தி உண்டு. அதைத் தமிழுக்குப் பொருத்த, தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் தமிழ் மெஷின்கள் தயாராயின. 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின், சர்க்கார் ஆபீஸ்களில் தமிழ் ஆணைகளை அடித்துத் தள்ளியவை இந்த மெஷின்கள்தாம்.

டைப்பிஸ்டுகளின் இன்னொரு தலைவலி, தப்பாக அடித்ததை அழிப்பது. ரப்பரால் தேய்த்தால் பேப்பர் கிழியும். அமெரிக்காவில் டல்லாஸ் நகர பாங்க் ஒன்றில் செகரட்டரியாக இருந்த பெட் நெஸ்மித் கிரஹாம், ஓவியர்கள் தப்பின் மேலேயே வர்ணம் பூசுவதைக் கவனித்தார். வெள்ளைப் பெயிண்டைச் சின்ன பாட்டிலில் ஆபீஸுக்கு எடுத்துப் போனார். 1956-ல் அதையே விற்க ஆரம்பித்தார். 1979-ல் அந்தக் கம்பெனி 4.75 கோடி டாலருக்குக் கைமாறியது. நம்ம ஊர் ஒயிட்னருக்கு மூத்த அக்கா அதுதான்.

இருவரும் செய்தது ஒன்றே: எரிச்சலைச் சகித்துக்கொள்ளாமல் உற்றுப் பார்த்தார்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. சில வருஷம் முன் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், ஸ்டோர்ஸுக்கு ஆறு மாதம் உழைத்து ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டுக் கொடுத்தேன். யாரும் தொடவில்லை. கோபமாகப் போய்ப் பார்த்தேன். ஸ்டோர்ஸ்கீப்பர் அண்ணன் கை முழுக்க கிரீஸ். "இந்தக் கையோட கீபோர்டை எப்படி சார் தொடறது?" என்றார். மேஜையோரம் நூலில் கட்டித் தொங்கிய பென்சிலால் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். அந்த நூலும் பென்சிலும் என் ஆறு மாதத்தைத் தோற்கடித்துவிட்டன. அவர் நாற்காலியில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை!

தம்பி, தங்கைகளே! புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது லைப்ரரிக்குப் போங்கள். அதற்கு முன்னால் நம் கல்லூரி ஆபீஸ் கிளார்க் பக்கத்தில் அரை மணி உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் 'ச்சே' என்கிறாரோ, அங்கே வைக்க வேண்டும் முதல் புள்ளி. எழுத்து அப்புறம் தானே வரும்.