பேண்டு வாத்தியமும் அலறலும்: 'பீசஸ்' படத்தின் லாக்கர் அறைக் காட்சி பற்றி ஒரு மறுவாசிப்பு

மட்டமான படங்களின் ரசனை குறித்த ஆய்வுகளில் ஒரு கருத்து கேள்விக்கு இடமில்லாமல் நிலைத்துவிட்டது. செலவு குறைந்த கல்லூரி ஸ்லாஷர் படத்தைத் தேடிப் பார்ப்பவர் ரசிப்பது படத்தை அன்று, படம் கோட்டைவிட்ட இடங்களை என்பதே அது. பார்வையாளர் மேலே இருக்கிறார், படம் கீழே கிடக்கிறது. சிரிப்பு அந்த உயர வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. இதற்கு முதல் சான்றாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது ஹுவான் பிகேர் சிமோன் இயக்கிய 'பீசஸ்' (1982). அதிலும் குறிப்பாக, லிண்டா டே ஜார்ஜ் ஒரே வசைச்சொல்லை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தி அலறும் சில நொடிகள். அந்த நொடிகளுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை இந்த ஆய்வுகள் ஏறக்குறைய பொருட்படுத்துவதே இல்லை. பொருட்படுத்தினால் முடிவு மாறும் என்று கருதுகிறேன்.

படத்தின் குறைகளை மறுத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவை உண்மையானவை, எண்ணிக்கையிலும் ஏராளம். கதை பாஸ்டனில் நடக்கிறது. படப்பிடிப்பின் பெரும்பகுதி ஸ்பெயினில் நடந்தது. 1942இல் நடப்பதாகச் சொல்லப்படும் தொடக்கக் காட்சியில் பொத்தான் தொலைபேசி ஒன்று தென்படுகிறது. அமெரிக்காவில் அத்தகைய தொலைபேசிகள் வாடிக்கையாளர்களுக்கு வந்தது 1963இல்தான். மாணவர்களாக வருபவர்களில் பலருக்குப் படிக்கும் வயது எப்போதோ கடந்துவிட்டது. கல்லூரியின் டீனாக வரும் எட்மண்ட் பர்டம், 1954இல் 'தி ஸ்டூடண்ட் பிரின்ஸ்' படத்தில் மாரியோ லான்சாவின் பாட்டுக் குரலுக்கு வாயசைத்து ஹைடல்பெர்க் மாணவராக நடித்தவர். அவரை டீன் நாற்காலியில் பார்க்கும்போது தோன்றும் வேடிக்கை உணர்வு எனக்கும் உண்டு. விளம்பரச் சுவரொட்டியும் எதையும் மறைக்கவில்லை. செயின்சா கொலைகளைப் பார்க்க டெக்சாஸ் வரை போக வேண்டியதில்லை என்றும், நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதுவேதான் இந்தப் படம் என்றும் அது அறிவித்தது. இவ்வளவு வெளிப்படையாகத் தன் சரக்கைச் சொல்லி விற்ற படத்தை, தான் என்ன செய்கிறோம் என்றே அறியாத படமாக நடத்துவது சற்று விசித்திரம்.

இனி காட்சிக்கு வருவோம். கொலைகளைத் துப்பறிய டென்னிஸ் பயிற்சியாளர் என்ற பெயரில் கல்லூரிக்குள் அனுப்பப்பட்டவர் மேரி ரிக்ஸ். லிண்டா டே ஜார்ஜின் பாத்திரம். டென்னிஸ் ஆட்டம் முடிந்து ஒரு மாணவி லாக்கர் அறையில் தனியாக இருக்கிறாள். அப்போது ஒலிபெருக்கியில் பேண்டு வாத்திய இசை முழங்கத் தொடங்குகிறது. கல்லூரி விளையாட்டு விழாவில் அணிவகுப்புக்கு ஒலிக்குமே, அந்த வகை: ஊதுகுழல்கள், தாளம், கொண்டாட்டம். திகில் படத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத இசை. சாதாரணத் திகில் படத்தில் கொலைக்கு முன் இசை தாழும். இங்கே அது காதைப் பிளக்கிறது. அரையுடையில் ஓடும் மாணவி கழிப்பறைத் தடுப்பு ஒன்றுக்குள் ஒடுங்குகிறாள். ரம்பம் கதவை அறுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. அச்சத்தில் அவள் உடுத்திய துணியோடு சிறுநீர் கழித்துவிடுவதைக் கேமரா அருகிலிருந்து காட்டுகிறது. பிறகு ரம்பம் அவள் இடுப்பை எட்டுகிறது.

அந்தச் சிறுநீர்க் காட்சியைப் பற்றி ஒரு சொல். இவ்வகைப் படங்களில் பாதிக்கப்படும் பெண்கள் அலறுவார்கள், விழுவார்கள், சாவார்கள். அவர்களுடைய உடல் இப்படித் தன் கட்டுப்பாட்டை இழப்பதாகக் காட்டுவது அரிது. அதில் கவர்ச்சி இல்லை, சிரிப்பும் இல்லை. இந்தப் படம் தன் பெண்களை எப்படிப் பார்க்கிறது என்பதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. உடையைக் களைய வைத்துப் பிறகு வெட்டுவதே அதன் வழக்கம். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் படம் தான் விற்கும் சரக்கையே கெடுத்துக்கொள்கிறது. ரசிக்க வந்தவரின் முகம் ஒரு கணம் சுளிக்கிறது.

இதன் பின்னரே மேரியின் அலறல். பிணத்தைக் கண்ட மேரி, தன்னோடு இருக்கும் மாணவன் கெண்டலிடம் ஒரு முழு வாக்கியம் பேசுகிறார். நாம் இங்கே அந்த இசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் உள்ளே அவளைக் கொன்றுகொண்டிருந்தான் என்பது அதன் சாரம். இதைச் சொல்லி முடித்த பின்தான் மூன்று வசைகள் வருகின்றன. ஆய்வுகள் மேற்கோள் காட்டுவது வசைகளை மட்டும்; வாக்கியத்தை விட்டுவிடுகின்றன. என் வாசிப்பு முழுவதும் அந்த விடுபட்ட வாக்கியத்தின் மேல் நிற்கிறது. எல்லார் கவனத்தையும் வேறு பக்கம் இழுத்தது அந்தக் கேலிக்கூத்தான இசை. அதைப் போட்டவன் கொலைகாரன், போட்டது கொலையை மறைக்க. அதாவது, பார்வையாளர் பொருந்தாத இசை என்று நகைத்த அந்த ஒலியே கதைக்குள் கொலைக் கருவியின் ஒரு பகுதி. ரம்பத்தின் ஓசையை மூட வேறு எந்த இசையாலும் ஆகாது. மேரி தன்மேலும் கெண்டல்மேலும் சுமத்தும் குற்றம் பார்வையாளருக்கும் அப்படியே பொருந்துகிறது: வேடிக்கையான ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தோம், பக்கத்து அறையில் ஒருத்தி செத்தாள்.

அந்த அலறல் நடிப்பில் மிகையானது என்பதில் ஐயமில்லை. மூன்றாவது முறை குரல் உடைகிற இடத்தில் திரையரங்கில் சிரிப்பு வெடிப்பது இயல்பு. ஆனால் அது எத்தகைய சிரிப்பு? சிறுநீர்க் காட்சியிலும் ரம்பக் காட்சியிலும் அடக்கி வைத்த பதற்றம் வெளியேறுவதற்குக் கிடைத்த முதல் வாசல் அது. மேட்டில் நின்று கீழே பார்த்துச் சிரிப்பவரின் சிரிப்பாக எனக்கு அது கேட்கவில்லை. சற்று முன் முகம் சுளித்தவர், அந்தச் சுளிப்பிலிருந்து மீள வழி கிடைத்ததும் சிரிக்கும் சிரிப்பு. அலறலை மட்டும் வெட்டி எடுத்துத் தனியாகப் போட்டுக் காட்டினால் எஞ்சுவது மோசமான நடிப்பு மட்டுமே. பழைய வாசிப்பு பெற்ற சான்று, காட்சியை வெட்டியதால் உண்டான சான்று. பெண்ணுடல்களைத் துண்டுகளாக வெட்டிச் சேர்ப்பவனைப் பற்றிய படத்துக்கு இந்தக் கதி நேர்ந்தது ஒரு தற்செயல் என்றே விட்டுவிடுகிறேன்.

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, நோக்கம் பற்றியது: தயாரிப்பாளர் டிக் ராண்டல் போன்ற ஒரு வணிகர் இவ்வளவு யோசித்தாரா? யோசித்திருக்க மாட்டார். அதனால் என்ன? காட்சிகளின் வரிசை படச்சுருளில் இருக்கிறது; யோசனை யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டாவது சற்றுக் கனமானது. படத்தின் ஸ்பானிய வடிவமான 'மில் கிரிட்டோஸ் தியேனே லா நோச்சே'வுக்கு லிப்ராடோ பாஸ்டர் இசையமைத்தார். அமெரிக்காவில் வெளியான வடிவத்தில் அதற்குப் பதிலாக முன்பே பதிவு செய்யப்பட்ட நூலக இசை சேர்க்கப்பட்டது. எனவே இசைப் பொருத்தமின்மை எதுவானாலும் அது விநியோகஸ்தர் கைவேலை, அதில் பொருள் தேடுவது வீண் என்று வாதிடலாம். பின்னணி இசையைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கையை ஏற்கிறேன்; படத்தின் வேறு எந்தக் காட்சியின் பின்னணி இசையையும் நான் சான்றாகக் கொள்ளாததற்கு இதுவே காரணம். பேண்டு வாத்தியத்துக்கு அது பொருந்தாது. அது பாத்திரங்கள் கேட்கும் இசை, அவர்கள் நிறுத்த முயலும் இசை, வசனத்திலேயே சுட்டப்படும் இசை. காட்சியின் கட்டுமானத்திலிருந்து அதை உருவ முடியாது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் பாதி வழிவிட வேண்டியிருக்கிறது: படத்தில் இவ்வளவு உளறல் இருக்கும்போது ஒரு காட்சியில் மட்டும் பொருள் தேடுவது ஏன் என்பது அது. இருளில் நடந்துவரும் மேரியின் மேல் எங்கிருந்தோ ஒரு குங்ஃபூ ஆசிரியர் பாய்கிறார், சண்டையிடுகிறார், சாப்பிட்ட சாப் சூயி ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கதையில் இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நடித்தவர் புரூஸ் லே. ராண்டலின் குங்ஃபூ படங்களில் பணியாற்றியவர். கையருகே இருந்த நடிகரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை. இதையும் பொருள் நிறைந்ததாக ஆக்கிக் காட்டுவோர் உண்டு. அவர்களோடு சேர எனக்கு விருப்பமில்லை. படத்தில் வெறும் உளறலும் உண்டு, ஒழுங்காக அமைந்த வேடிக்கையும் உண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டதுதான் பழைய வாசிப்பின் குறை.

லாக்கர் அறையில் நடப்பது தனி நிகழ்வா என்றால், இல்லை. அதே காலத்துக் கல்லூரிப் படங்கள் சிலவற்றை அருகில் வைத்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. மார்க் ராஸ்மனின் 'தி ஹவுஸ் ஆன் சொராரிட்டி ரோ'வில் (1983) விளையாட்டாகத் தொடங்கியது விடுதித் தலைவியின் சாவில் முடிகிறது. மாணவிகள் உடலை நீச்சல் குளத்தில் ஒளித்துவிட்டு, இசைக்குழுவோடு விருந்தை நடத்துகிறார்கள். ஜிம்மி ஹஸ்டனின் 'ஃபைனல் எக்ஸாம்' (1981) படத்தில் தேர்வில் மோசடி செய்வதற்காக மாணவர் குழு ஒன்று வளாகத்தில் போலித் துப்பாக்கிச் சூட்டை நடத்துகிறது. பின்னர் உண்மையான கொலை நடந்து உதவி கேட்டு அழைக்கும்போது, இதுவும் குறும்புதான் என்று ஷெரீஃப் தட்டிக்கழிக்கிறார். இந்தப் படங்களின் வளாகத்தில் அலறலுக்கு மதிப்பில்லை. அங்கே எப்போதும் யாராவது விளையாட்டுக்கு அலறிக்கொண்டே இருக்கிறார்கள். கோடைக்கால முகாமிலோ புறநகர் வீட்டிலோ கொலைகாரனுக்கு இருட்டு வேண்டும். கல்லூரியில் அவனுக்குக் கேளிக்கையே போதும். வேடிக்கையும் கொடூரமும் இந்த வகையில் ஒட்டிக்கொண்டு வருவதற்குக் கைத்திறன் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மாறாக, யூசிஎல்ஏ மாணவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆளில்லாத விடுதியில் எடுத்த 'தி டார்ம் தட் டிரிப்ட் பிளட்' (1982) 'பீசஸ்' படத்தைவிடக் கஞ்சத்தனமான படம்தான். ஆனால் கேளிக்கை இல்லாத வெறிச்சோடிய விடுதியில் அது முகம் இறுகியே நகர்கிறது. செலவுக் குறைவே சிரிப்பை உண்டாக்கும் என்றால் இந்தப் படமும் அதே சிரிப்பை எழுப்பியிருக்க வேண்டும்.

இறுதிக் காட்சி பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கரோல் க்ளோவர் 1987இல் விவரித்த, கொலைகாரனை எதிர்கொண்டு உயிர்பிழைக்கும் 'கடைசிப் பெண்' இங்கே இல்லை. மேரி மருந்தால் செயலிழந்து கிடக்கிறார், டீன்தான் கொலைகாரன், அவரைச் சுடுவது கிறிஸ்டோபர் ஜார்ஜ் நடித்த போலீஸ் அதிகாரி. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, பல பெண்களின் உறுப்புகளைத் தைத்துச் சேர்த்த பிணத்தின் கை எழுந்து கெண்டலின் தொடையிடுக்கைப் பிடித்து நசுக்குகிறது. தர்க்கத்துக்கு ஒவ்வாத இந்த முடிவைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆனால் அதுவரை பெண்ணுடல்கள்மேல் மட்டும் பாய்ந்த வன்முறை, கடைசி அடியில், பெண்களை மயக்குபவனாகப் படம் காட்டிவந்த ஆணின்மேல் பாய்கிறது. இதைப் பெண்ணியப் பழிவாங்கல் என்று கொண்டாடும் அளவுக்கு நான் போகமாட்டேன். படத்தின் மற்ற பகுதிகள் அதற்கு இடம் தரவில்லை. லாக்கர் அறையில் கண்ட அதே வரிசை இங்கும் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்: முதலில் சிரிப்பு, சிரித்த வாய் மூடுமுன் இரத்தம்.

இப்படத்தை வகுப்பில் காட்டுவோருக்கும் இனி இதைப் பற்றி எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். காட்சியை மேரியின் அலறலில் தொடங்காதீர்கள். பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கும் இடத்திலிருந்து, வெட்டாமல் காட்டுங்கள். அதன் பிறகும் மாணவர்கள் சிரித்தால், எதைக் கண்டு சிரித்தார்கள் என்று அவர்களையே கேளுங்கள்.