சங்கிலியின் சாவி யாரிடம் இருந்தது?

அமாவாசை இரவுகளில் திண்டிவனம், விழுப்புரம் பக்கமிருந்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் பேருந்துகள் நிரம்பிப் போகும். 'பேய் பிடித்தவர்' என்று குடும்பத்தாரால் கூட்டிவரப்படுபவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். சேரிகளில் வேலை செய்யும் நாங்கள் இப்படிப்பட்ட குடும்பங்களைச் சந்திக்கிறோம். உடன் வரும் இளம் தோழர்கள் சிலர் 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் போதுமா?

2001 ஆகஸ்ட் 6. மனநோய் தீரும் என்று எல்லா மதத்தவரும் நம்பி வரும் ஏர்வாடி தர்காவை ஒட்டி, தனியார் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை.

அவர்களை ஏர்வாடிக்குக் கொண்டுவந்தது நம்பிக்கை. கட்டிப்போட்டது காப்பகம். ஊருக்கு அருகில் மனநல மருத்துவம் கிடைக்கச் செய்யாதது அரசு. 'மூடநம்பிக்கை' என்று மட்டும் சொன்னால் பின்னிரண்டும் தப்பித்துவிடும். பழி மொத்தமும் ஏழைத் தாயின் தலையில் விழும். 'அந்த சனமே அப்படித்தான்' என்று சாதிச் சமூகம் நம்மைப் பார்த்துச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2000இல் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாத சிறு ஆய்வு இது. மருந்தை நிறுத்த இது ஆதாரம் ஆகாது. ஆனால் மரியாதையும் துணையும் ஒருவரைத் தேற்றும் என்பதை யோசிக்க வைக்கிறது.

கேள்வி கேட்பவர் நம்பிக்கையைத் துறந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்தைத் தழுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, சாதியைக் காக்கும் கதைகளை ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உட்படுத்தினார்.

மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆகவே தோழர்களே, அடுத்த முறை அந்தத் தாயிடம் 'ஏன் கோயிலுக்குப் போனீர்கள்?' என்று கேட்க வேண்டாம். மருத்துவமனையில் உங்களை எப்படி நடத்தினார்கள்? மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறதா? கட்டி வைக்கிறார்களா? இவற்றைக் கேளுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைக் கொடுங்கள். விரதம் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். சங்கிலி மட்டும் வேண்டாம்.