பூனை தானாக வந்த கதை



"தின்ற வீட்டுக்கு நன்றியில்லாத பிராணி" என்று பூனையைப் பற்றி நாம் சொல்வதுண்டு. கூப்பிட்டால் வராது, சொன்னால் கேட்காது, பசித்தால் மட்டும் காலைச் சுற்றும். அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு அதன் வரலாற்றில் விடை இருக்கிறது.

ஆடு, மாடு, குதிரை எல்லாம் மனிதன் பிடித்துப் பழக்கியவை. பூனை அப்படி வரவில்லை. மேற்காசியாவில் மனிதன் விவசாயம் தொடங்கித் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. இரு பக்கமும் இலாபம். 2007இல் வீட்டுப்பூனை, காட்டுப்பூனை என 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் வீட்டுப்பூனைகள் வட ஆபிரிக்கா, மேற்காசியாவில் வாழும் காட்டுப்பூனை இனத்தின் வழிவந்தவை என்று தெரிந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டு பழைமையான ஒரு மனிதனின் புதைகுழிக்குப் பக்கத்தில் பூனையொன்றும் அடக்கப்பட்டிருந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இல்லை. யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

நாம் குறை சொல்லும் குணங்களெல்லாம் அந்தக் காட்டுப்பூனையின் முதுசம். அது தனியாக வேட்டையாடும் பிராணி. அதற்குக் கூட்டமும் இல்லை, தலைவனும் இல்லை. பிறகு கட்டளைக்குப் பணிவது எங்கிருந்து வரும்? வறண்ட நிலத்திலிருந்து வந்ததால் தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். இறைச்சி தின்றே வாழ்ந்ததால் அதன் நாக்குக்கு இனிப்பு தெரியாது, வெறும் சோறு அதற்குப் போதாது. ஆனால் ஒன்றை நமக்காகவே வைத்திருக்கிறது: வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று கத்துவது அரிது. அந்தச் சத்தம் பெரும்பாலும் மனிதனுக்குத்தான்.

பண்டைய எகிப்தியர் பூனையைத் தெய்வத்தோடு சேர்த்தார்கள். வீட்டுப்பூனை இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொண்டதாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதே எகிப்தில்தான் நேர்ச்சைக்காகப் பூனைகளைக் கழுத்து முறித்துக் கொன்று மம்மியாக்கி விற்றார்கள். 1890இல் அந்த மம்மிகளில் ஏறத்தாழ 19 தொன் லிவர்பூலுக்குக் கப்பலில் போய், பசளையாக ஏலம் போனது. வணங்கியதாலும் பூனைக்கு நிம்மதி கிடைக்கவில்லை.

நமது மார்க்கம் பூனையை வணங்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் தமது சட்டைக் கையை வெட்டிய கதை முகநூலில் அடிக்கடி சுற்றுகிறது. ஆதாரபூர்வமான ஹதீஸ் கிரந்தங்களில் அப்படியொரு செய்தி இல்லை. இருப்பவையே நமக்குப் போதும். குட்டிப் பூனையோடு விளையாடிய ஒரு ஸஹாபி, அபூஹுரைரா (ரழி) என்ற பெயராலேயே இன்றுவரை அறியப்படுகிறார். அபூகதாதா (ரழி) வுழூச் செய்யும் தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். அது நஜீஸ் அல்ல, நம்மிடையே சுற்றித்திரியும் பிராணி என்று நபியவர்கள் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். கெய்ரோவில் சுல்தான் பைபர்ஸ் பூனைகளுக்காக ஒரு தோட்டத்தையே வக்ஃப் செய்ததாகவும், தம் காலத்திலும் காழியின் வளவில் பூனைகளுக்கு உணவு போடப்பட்டதாகவும் 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் லேன் எழுதினார்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்ற பெண்ணின் ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அவள் மீது இரண்டு குற்றங்கள்: தானும் உணவு கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. பூனையின் இயல்பு அந்த ஹதீஸிலேயே இருக்கிறது.

இப்போது நம்மைப் பார்ப்போம். கண் திறக்காத குட்டிகளை உரப்பையில் போட்டுச் சந்தையடியிலும் பள்ளிவாசல் வளவிலும் விட்டுவிட்டு வருகிறோம். "கொல்லவில்லையே, விட்டுத்தானே வந்தோம்" என்கிறோம். வேட்டையாடத் தெரியாத குட்டிக்கு அது விடுதலை அல்ல. அந்தப் பெண் கயிற்றால் செய்ததை நாம் பையால் செய்கிறோம். இரண்டு மாதமாவது குட்டிகள் தாயோடு இருக்கட்டும். பிறகு ஆள் தேடிக் கொடுப்போம். பத்தாயிரம் வருடங்களுக்கு முன் தானாக நம்மை நம்பி வந்த பிராணி அது.