குழந்தைக்கு நடை கற்பித்தவர் யார்?



மனிதர் கற்கும் கலைகளுள் நடை முதன்மையானது. எழுத்தும் எண்ணும் கற்பதற்கு ஆசிரியர் உண்டு, பள்ளி உண்டு, தேர்வும் உண்டு. நடைக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆயினும், ஓராண்டு நிறைவை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் எழுந்து நிற்கின்றன, தள்ளாடுகின்றன, விழுகின்றன, மீண்டும் எழுந்து நடக்கின்றன. இக்கலையைக் குழந்தைக்குக் கற்பித்தவர் யார்? இயற்கையா? தாயா? அன்றி, அக்குழந்தை தானேயா? இவ்வினாவுக்கு அறிஞர்கள் விடை தேடிய வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

குழந்தையின் அசைவுகளில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டனர். பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். கையை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடை இட்டு வருமாறு அழைப்பது வருகை. தலை முதலில், பின்னர் உடல், பின்னர் கால் என்ற இந்த ஏறுமுறையையே இன்றைய உடலியல் நூல்களும் சொல்லுகின்றன. ஆனால், இம்முறை எவ்வாறு அமைகிறது என்பதை ஆராய்வது புலவர் தொழிலன்று. அது பிற்கால அறிவியலுக்கு விடப்பட்டது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. பச்சிளங்குழந்தையைக் கழுத்து முதல் கால்வரை துணிச்சுருளால் இறுகச் சுற்றிவைக்கும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகள் நிலவியது. கட்டாவிட்டால் கைகால்கள் கோணிப்போகும் என்று அஞ்சினர். 1748-இல் வில்லியம் கடோகன் என்னும் ஆங்கில மருத்துவர், இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென அமைந்த இல்லத்தின் நிருவாகிகளுக்கு எழுதிய சிறு நூலில் இவ்வழக்கத்தைக் கண்டித்தார். 1762-இல் வெளிவந்த 'எமில்' என்னும் நூலில் ரூசோவும் இதே கருத்தை முழங்கினார். பிறந்தவுடன் மனிதனுக்கு நாம் அளிக்கும் முதற்பரிசு விலங்குதானா என்பது அவர்தம் குமுறலின் சாரம். கட்டு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. ஆனால், கட்டவிழ்ந்த குழந்தை எவ்வாறு நடை கற்கிறது என்ற வினா அப்படியே நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா ஆராய்ச்சிக்கூடத்துள் நுழைந்தது. அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்னால்டு கெசல், ஹெலன் தாம்சன் ஆகியோர் 1929-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரட்டைக் குழந்தைகளுள் ஒன்றுக்கு ஆறு வாரம் நாள்தோறும் படியேறப் பயிற்சி அளித்தனர், மற்றதற்கு அளிக்கவில்லை. பின்னர் இரண்டாவது குழந்தைக்கு இரண்டே வாரப் பயிற்சி அளிக்க, அது முதற்குழந்தைக்கு ஈடாகப் படியேறியது. உடல் முதிர்ந்தால் திறன் தானே வரும். பயிற்சியால் பெரும்பயன் இல்லை என்று கெசல் முடிவு கட்டினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் என் தலைமுறையினர் பாடமாகக் கற்றது இந்த முதிர்ச்சிக் கொள்கையையே.

இக்கொள்கைக்கு வலுவூட்டியவர் வெய்ன் டென்னிஸ் என்னும் உளநூல் அறிஞர். அமெரிக்காவின் தென்மேற்கே வாழும் ஹோப்பி என்னும் தொல்குடி மக்கள், கைக்குழந்தையை ஒரு தொட்டிற்பலகையில் வைத்துக் கட்டிவிடும் மரபினர். சில ஊர்களில் அம்மரபு மறைந்திருந்தது. பலகையில் வளர்ந்த குழந்தைகளும், பலகையின்றி வளர்ந்த குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே வயதில் நடந்தன என்று டென்னிசும் அவர் மனைவியாரும் 1940-இல் எழுதினர். கட்டினாலும் நடை வரும், கட்டாவிட்டாலும் வரும் என்றால், இயற்கையே ஆசான் என்று உலகம் நம்பியதில் வியப்பில்லை.

ஆனால், இதே டென்னிஸ் பின்னர் ஈரான் நாட்டின் தெஹ்ரான் நகரில் குழந்தைக் காப்பகங்களை ஆராய்ந்தார். முடிவுகளை 1960-இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் குழந்தைகள் பகலெல்லாம் தொட்டிலில் மல்லாந்தே கிடந்தன. பணியாளர் மிகச் சிலர். பாற்புட்டியைக் கூடத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அகன்றனர். எடுத்து மடியில் வைப்பாரில்லை, குப்புறக் கிடத்துவாரில்லை. விளைவு என்ன? இரண்டு வயது கடந்து மூன்றை எட்டும் குழந்தைகளுள் தனியே நடந்தவை மிகச் சிலவே. கட்டுத்துணி இல்லை, தொட்டிற்பலகையும் இல்லை. ஆயினும் அக்குழந்தைகள் நடக்கவில்லை!

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அக்குழந்தைகள் இடம்பெயரத் தொடங்கியபோது பெரும்பாலும் தவழவில்லை. அமர்ந்தபடியே தரையில் நகர்ந்தன. குப்புறக் கிடந்து கையூன்றிப் பழகாத குழந்தை எவ்வாறு தவழும்? பணியாளர் மிகுந்திருந்த மற்றொரு காப்பகத்திலோ குழந்தைகளை மடியில் அமர்த்தினர், குப்புறக் கிடத்தினர், சாய்த்து உட்காரவைத்தனர். அங்கே அவை தவழ்ந்தன, முந்தியும் நடந்தன. முதிர்ச்சி மட்டும் போதாது என்று டென்னிஸ் தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். ஹோப்பிக் குழந்தைக்குப் பலகையிலிருந்து இறங்கியபின் மடியும் தரையும் கிடைத்தன. தெஹ்ரான் குழந்தைக்கு அவை கிடைக்கவில்லை. வேற்றுமை இங்கேதான் உள்ளது. தான் கண்ட உண்மைக்குத் தன் கொள்கையைப் பணியவைத்த அந்நேர்மையை, ஆராய்ச்சியில் இறங்கவிருக்கும் மாணவர் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

அடுத்த படியை எஸ்தர் தீலன் என்னும் அம்மையார் ஏறினார். பிறந்த குழவியை நிமிர்த்திப் பிடித்துப் பாதம் மேசையில் படவைத்தால், அது நடப்பதுபோல் காலை மாற்றி மாற்றி எடுத்துவைக்கும். இரண்டு மாதத்தில் இச்செயல் மறைந்துவிடும். மூளை முதிர்ந்து அதை அடக்கிவிடுகிறது என்றே பலரும் கருதினர். தீலன் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளை மார்பளவு நீரில் நிறுத்திப் பார்த்தனர். காலடிகள் மிகுந்தன! கால்களில் சிறு எடையைக் கட்டியபோது காலடிகள் குறைந்தன. கொழுப்பு ஏறிக் கால் கனத்துவிட்டது, அதைத் தூக்கும் வலிமை தசைக்கு இன்னும் வரவில்லை, இவ்வளவே செய்தி. ஆகவே நடை என்பது மூளையில் எழுதிவைத்த கட்டளை மட்டும் அன்று. எலும்பும் தசையும் எடையும் தரையும் முயற்சியும் கூடி ஆக்குவது.

உலக நலவாழ்வு நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் ஓர் அளவையை வெளியிட்டது. தனித்து நடக்கும் பருவம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 17 மாதத்துக்கு மேலும் விரிந்து கிடக்கிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கைகால் ஊன்றித் தவழாமலே நடந்தன. எனவே அண்டைவீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்துதல் வேண்டா. 18 மாதம் ஆகியும் நடவாவிடில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இதே நிறுவனம் 2019-இல் வேறு சில வரையறைகளையும் தந்தது. தவழாத குழந்தை, விழித்திருக்கும்போது நாளில் 30 நிமிடமேனும் குப்புறக் கிடந்து விளையாடவேண்டும். உறக்கத்திலோ மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. ஒரு வயது முதல் நான்கு வயதுவரை நாளுக்கு 180 நிமிடமேனும் உடலசைவு வேண்டும். எக்குழந்தையையும் வண்டியிலோ இருக்கையிலோ தொடர்ந்து ஒரு மணிக்கு மேல் கட்டிவைத்தல் ஆகாது. கடோகன் கண்டித்த கட்டு மீண்டும் வேறு உருவில் வந்திருப்பதை இவ்விறுதி விதி உணர்த்துகிறது. அன்று துணிச்சுருள், இன்று வார் பூட்டிய நாற்காலியும், கையில் கொடுத்து அமைதிப்படுத்தும் கைப்பேசியும்.

குழந்தைக்கு நடை கற்பித்தவர் யார் என்று கேட்டோம். இயற்கை உடலைத் தந்தது, முயற்சி குழந்தையுடையது, இடமும் துணையும் அளிப்பது நம் கடமை. உங்களிற் பலர் வீட்டில் அண்ணனாகவோ அக்காளாகவோ இருக்கிறீர்கள். நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆவீர்கள். தூய்மையான தரை, விரித்த ஒரு பாய், எட்டாத தொலைவில் ஒரு பந்து, அருகே விழிப்போடு ஒருவர்: இவை எந்த ஏழை வீட்டிலும் இயலும். தெஹ்ரான் காப்பகத்துக் குழந்தைகளுக்குக் கிட்டாதவையும் இவையே.