சைட் அடிப்பது எப்படி? - ஒரு சரித்திரப் பதிவு

தலைப்பைப் பார்த்துட்டு குற்றாலம் சீசன் கூட்டத்தைப் பத்தின பதிவுன்னு ஓடி வந்த மக்கள்ஸ் மன்னிக்கணும் :-) இது துப்பாக்கி மேல இருக்குற சைட் பத்தின பதிவு.

என்.சி.சி.யில இருந்தவங்களுக்குத் தெரியும். பாயிண்ட் டூ டூ ரைஃபிளைக் கையில கொடுத்து தரையில படுக்க வைப்பாங்க. பின் சைட்டோட பள்ளம், முன் சைட்டோட முனை, தூரத்துல டார்கெட். மூணையும் ஒரே கோட்டுல கொண்டு வரணும். சொல்றதுக்கு ஈஸி. ஆனா மனுஷக் கண்ணு ஒரு நேரத்துல ஒரு தூரத்தைத்தான் தெளிவாப் பார்க்கும். முனையைப் பார்த்தா டார்கெட் மங்கும், டார்கெட்டைப் பார்த்தா முனை கரைஞ்சிடும். சைட்டோட சரித்திரம்னா, இந்த மூணை ரெண்டாக்கி, ரெண்டை ஒண்ணாக்கின கதைதான்.

ஆரம்பத்துல அந்தப் பள்ளமே கிடையாது. 1750களில் நம்ம நெற்கட்டும்செவல் பூலித்தேவர் காலத்து பிரிட்டிஷ் மஸ்கட் 'பிரவுன் பெஸ்'. அதுல பின் சைட் இல்லை. குழாய் முனையில பயனெட் மாட்டுறதுக்கு ஒரு சின்னக் கட்டை இருக்கும், அவ்வளவுதான். ஒரு ஆளைக் குறி பார்த்து அடிக்கிற துப்பாக்கி இல்லை அது. வரிசையா நின்னு மொத்தமாச் சுடுறதுக்கானது. குழாய்க்குள்ள மரை போட்ட ரைஃபிள் வந்த பிறகுதான், குண்டு தூரமா நேராப் போகவும், சைட்டுக்கு மவுசு வந்துச்சு. 1853 என்ஃபீல்டுல தூரத்துக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்குற ஏணி சைட்டே இருந்தது.

கிட்டத்துல இருந்து சுடுறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். நம்ம செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில பிரௌனிங் பிஸ்டல், ரயில் பெட்டிக்குள்ள கலெக்டர் ஆஷ். அந்த தூரத்துக்குக் கை போற திசையே சைட். தூரம் கூடக் கூடத்தான் கண்ணோட குறை குண்டுல தெரியும்.

அந்தக் குறைக்கு முதல் வைத்தியம், பள்ளத்தை எடுத்துட்டு ஓட்டை வைக்கிறது. 'பீப் சைட்'னு பேரு. ஓட்டை வழியாப் பார்த்தா கண்ணு தானாவே அதோட நடுவைத் தேடிக்கும். பின் சைட்டைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். மூணு ரெண்டாச்சு! இரண்டாம் உலகப்போர்ல வந்த நம்பர் 4 லீ என்ஃபீல்டுல இதுதான்.

இதுல ஒரு சிக்கல். ஓட்டை சின்னதா இருந்தா துல்லியம், ஆனா இருட்டு. டார்கெட்டைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். பெருசா இருந்தா வேகம், கொஞ்சம் துல்லியம் போகும். வேகம் வேணும்னு நினைச்சவங்க இதைத்தான் நோண்டினாங்க. ஓட்டையைப் பெருசாக்கி, வளையத்தை மெலிசாக்கினாங்க. அதுக்கு 'கோஸ்ட் ரிங்'னு பேரு. பார்க்கும்போது வளையம் பேய் மாதிரி மங்கிடும், முன் சைட் மட்டும் பளிச்னு நிக்கும். 1976ல் தொடங்கின ஐ.பி.எஸ்.சி. போட்டிகள்ல, எடுத்த பாயிண்டை ஆன நேரத்தால வகுத்துதான் ஸ்கோர் போடுவாங்க. அரை நொடி மிச்சம் பிடிச்சாலும் லாபம்.

ரெண்டை ஒண்ணாக்கினவர் டப்ளின்ல தொலைநோக்கி செஞ்ச ஹோவர்ட் க்ரப். கண்ணாடியில ஒரு குறியைப் பிரதிபலிச்சு, அது டார்கெட் மேலயே மிதக்குற மாதிரி ஒரு சைட்டை 1900ல் கண்டுபிடிச்சார். நம்ம கொடைக்கானல் வானோக்கு நிலையத்தோட பழைய 6 அங்குலத் தொலைநோக்கியை 1898ல் மாத்தி அமைச்சதும் இவரோட பட்டறைதான்! 1975ல் ஸ்வீடனோட எய்ம்பாயிண்ட் கம்பெனி அதை பேட்டரியில எரியுற சிவப்புப் புள்ளியாக்குச்சு. டார்கெட்டை மட்டும் பார், புள்ளி விழுற இடத்துல சுடு. 1990 வாக்கில் வேகப் போட்டிகள்ல இந்தப் புள்ளிதான் ராஜா.

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல இது செல்லாது. இன்னிக்கும் ஓட்டை சைட்தான். நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அவசரம் இல்லாததால சின்ன ஓட்டை.

சைட் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அது பொய் சொல்லலாம். திருவிழாவுல பலூன் சுடுற கடைத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீங்க. முனை ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும். விவரமான பையன் முதல் குண்டு எங்க போகுதுன்னு பார்ப்பான், அப்புறம் அந்த அளவுக்குத் தள்ளிக் குறி வைப்பான்.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா செஞ்சதும் ஏறக்குறைய இதுதான். 596 பாயிண்டோட நாலாவது இடத்துல ஃபைனலுக்கு வந்தார். ஒத்திகைக்குச் சுட்ட முதல் குண்டு பத்துக்குப் பக்கத்துலயே இல்லை, நாலு வாக்கில் போச்சு. சைட் நகர்ந்திருக்கு! புலம்ப நேரமில்லை. திருகைத் திருப்பினார், மறுபடி சுட்டார், திருத்தினார். கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5. இந்தியாவோட முதல் தனிநபர் தங்கம்.

2016 ரியோவுல போட்டி அன்னிக்கே ரைஃபிள் விழுந்து சைட் உடைஞ்சுது. வேற சைட்டை மாட்டிக்கிட்டு ஃபைனல் வரைக்கும் போய், மயிரிழையில மெடலை விட்டு நாலாவது வந்தார். எட்டு வருஷ இடைவெளியில ரெண்டு சைட் சோதனை, ஒண்ணுல தங்கம், ஒண்ணுல வெறுங்கை. ரெண்டுலயும் அவர் செஞ்ச வேலை ஒண்ணுதான்.

சைட்டை நம்பணும்தான். ஆனா முதல் குண்டு சொல்றதை அதைவிட அதிகமா நம்பணும். மக்கா, நீங்க என்ன சொல்றீங்க?